அயிரைக்கும் காற்று வேண்டும்

வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஓர் அநுபவம் தவறாமல் ஏற்படும். வருகிற விருந்தாளி கண்ணாடித் தொட்டியின் முன் நிற்பார். வண்ண மீன்களைப் பார்த்து மகிழ்வார். பிறகு, மூலையில் ஓயாமல் குமிழி விட்டுக் கொண்டிருக்கும் ரப்பர்க் குழாய் அவர் கண்ணில் படும். "இது என்ன, அலங்காரத்துக்கா?" என்று கேட்பார். மீன்களுக்குக் காற்றுக் கொடுக்கத்தான் என்று பதில் சொன்னால், அவர் முகத்தில் ஒரு புன்சிரிப்புத் தோன்றும். "நன்றாயிருக்கிறது! தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளருகிற ஜந்துவுக்கு மூச்சு முட்டுமா?" என்பார்.

இப்படிக் கேட்பவர்கள் படிப்பில்லாதவர்கள் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பட்டம் பெற்றவர்களும், ஏன், உபாத்தியாயர் அறையில் நம்முடன் அமர்ந்து காப்பி அருந்துகிறவர்களுமே கேட்டிருக்கிறார்கள். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்பது நம் நாட்டுப் பழமொழி. நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டாம், வாஸ்தவம். ஆனால், கண்ணாடிப் பெட்டிக்குள் அதை அடைத்து விட்ட பிறகு, மூச்சு விடுவதற்கு வழி செய்து கொடுக்க வேண்டியது அடைத்தவர்களுடைய கடமையாகிறது.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்கிறது. 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலோ, கரைந்து நிற்கும் பிராணவாயு சுமார் 6 மில்லிலிட்டர்தான். நிறையில் சொன்னால் 8.3 மில்லிகிராம். நாம் விருந்துச் சாப்பாட்டைப் போல் மூச்சு விடுகிறோம். மீனோ ரேஷன் அரிசியில் காலட்சேபம் செய்கிறது.

அந்த ரேஷனும் எப்பொழுதும் ஒரே அளவாய்க் கிடைப்பதில்லை. தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை பிராணவாயு கரையும். 30 டிகிரிக்கு ஏறினால் 7.6 மில்லிகிராமுக்கு மேல் கரையாது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், தண்ணீர் சூடேறச் சூடேற மீனின் தேகம் அதிகப் பிராணவாயு கேட்கிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடினால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகி விடுகிறது. வரவு குறையும் அதே மாதத்தில் செலவு கூடுவது எப்படியிருக்கும் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ? சித்திரை வைகாசியில் தொட்டி மீன்கள் படும் பாடு அதுதான்.

தண்ணீருக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது? தொட்டியில் வளரும் செடிகள் வெளிச்சத்தில் சிறிது தருகின்றன. மற்றதெல்லாம் மேற்பரப்பின் வழியாகவே உள்ளே போகிறது. குழாயிலிருந்து எழும் குமிழிகளே தண்ணீரில் கரைந்து விடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். குமிழி மேலே வந்து சேருவதற்கு ஓரிரு விநாடிதான் ஆகிறது. அதற்குள் கரைவது சொற்பமே. குமிழியின் உண்மையான வேலை வேறு. அது அடித் தண்ணீரைத் தன்னுடன் மேலே இழுத்து வருகிறது. மேற்பரப்பைக் கலக்கி விடுகிறது. மூச்சு முட்டிப் போன அடித் தண்ணீர் மேலே வந்து, காற்றைத் தொட்டு, மறுபடியும் கீழே போகிறது.

இந்தத் தத்துவம் நம் வீட்டுப் பெண்மணிகள் அனைவருக்கும் தெரிந்ததுதான். டம்ளரிலிருந்து டவராவுக்கும், டவராவிலிருந்து டம்ளருக்கும் காப்பியை உயரத் தூக்கி ஆற்றுகிறார்களே, அது என்ன? சூடு தணிவதுடன் நுரையும் பொங்குகிறதல்லவா? காப்பிக்குள் காற்றுப் புகுகிறது என்பதற்கு அந்த நுரையே சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், மீன் தொட்டியின் சரித்திரமே இந்த ஆற்றுகிற வேலையில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1846-ம் வருஷத்தில் ஆனா தின் என்ற ஆங்கிலச் சீமாட்டி, டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து பவழ உயிர்கள் சிலவற்றை லண்டனுக்குக் கொண்டு வந்தாள். லண்டனிலோ கடல் நீர் கிடைப்பது அரிது. ஆகவே, இருக்கிற நீரையே திறந்த ஜன்னலுக்கு முன்னால் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஊற்றி ஆற்றச் செய்தாள். நாள்தோறும் அரை மணிக்கு மேல் நின்று அதைச் செய்தவள் அந்த வீட்டு வேலைக்காரி. சரித்திரத்தில் சீமாட்டியின் பெயர் நிற்கிறது. பவழங்களைப் பிழைக்க வைத்த கைகள் யாருடையவை என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பின்னர் 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரஸாயன சாஸ்திரி ஒரு பரிசோதனையை வெளியிட்டார். இரண்டு பொன் மீன்கள், நாடா போன்ற இலையுள்ள நீர்ச் செடி, அழுகிய இலையைத் தின்பதற்கு நத்தைகள் ஆகிய இவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைத்து, ஒன்றுக்கொன்று உதவி செய்து வாழ முடியும் என்று அவர் காட்டினார். 1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி மாளிகை திறக்கப்பட்டது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெங்கும் பரவியது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது. இப்பொழுதோ சென்னைக் கொளத்தூரில் தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள்!

இத்தனை முன்னேற்றம் ஏற்பட்டும் ஒரு குறை மட்டும் தீரவில்லை. தொட்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மேல்பாதியையே பார்க்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ண மீன்கள் அங்கேதான் உலாவுகின்றன. அடியில், மணலோடு மணலாக, மீசையை ஆட்டிக் கொண்டு கிடக்கிற மீன்களை யார் பார்க்கிறார்கள்? ஆனால், தொட்டியில் தரித்திரம் முதன் முதலில் வந்து சேரும் இடம் அதுவே.

காரணம் இரண்டு. முதலாவது, அசையாத தண்ணீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான். மேலே கரைந்த வாயு தானாகக் கீழே வந்து சேரட்டும் என்று காத்திருந்தால், காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, தின்று மிஞ்சிய இரை, மீனின் மலம், உதிர்ந்த இலை ஆகிய எல்லாம் போய்ச் சேருவது அடித்தளத்திலே. அவற்றை அழிக்கும் நுண்ணுயிர்கள் அங்கேயே குடியிருந்து, அங்கேயுள்ள பிராணவாயுவையே செலவழிக்கின்றன. அழுக்கிலிருந்து பிறக்கும் அமோனியா மீனுக்கு விஷம். நல்ல நுண்ணுயிர்கள் சில அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி விஷத்தைத் தணிக்கின்றன. அமோனியாவிலுள்ள 1 மில்லிகிராம் நைட்ரஜனை அப்படி மாற்றி முடிக்கச் சுமார் 4.5 மில்லிகிராம் பிராணவாயு செலவாகிறது. ஆகையால், காற்றுக் குறைந்தால் மூச்சு முட்டுவதுடன் நிற்பதில்லை. விஷமும் தீராமல் தங்குகிறது. மணல் கனமாகப் படிந்து அதற்குள் காற்று அடியோடு அற்றுப் போனாலோ, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு உண்டாகிறது. அது மீனுக்கு எமன்.

அடித்தளத்தில் வசிக்கும் மீன்களில் நம்மவர் நன்கு அறிந்தது அயிரை. மதுரைப் பக்கத்து நேயர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் குழம்புதான் நினைவுக்கு வரும்; அவர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். அயிர் என்றால் நுண்மணல். அந்த மணலில் விரல் நீளம்கூட இல்லாத உடம்பைப் புதைத்துக் கொண்டு, மீசையால் துழாவி இரை தேடி, இருக்கிற இடம் தெரியாமல் காலம் கழிக்கிற சாதுப் பிராணி அது. சாஸ்திரக்காரர்கள் 1846-ல் இதற்குச் சூட்டிய பெயரில், 'வெந்நீரில் வாழ்வது' என்று பொருள்படும் 'தெர்மாலிஸ்' என்ற சொல் சேர்ந்திருக்கிறது. திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிடைத்த மீனை வைத்துத்தான் அந்தப் பெயரை இட்டார்கள்.

வெந்நீரில் பிராணவாயு குறைவு என்று சற்று முன் பார்த்தோம். பின் அயிரைக் குலத்தார் எப்படிப் பிழைக்கிறார்கள்? இந்தக் குலத்து மீன்கள் பலவற்றுக்கு இயற்கை ஒரு விசித்திரமான வித்தையைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. மூச்சு முட்டினால், விர்ரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி விட்டு மறுபடியும் அடிக்கு வந்து விடும். விழுங்கிய காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடலே உறிஞ்சிக் கொள்கிறது! தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் கடைகளில் விற்பனையாகும் 'கோரிடோராஸ்' என்ற கவசக் கெளுத்திக்கும் இதே வித்தை தெரியும்.

எல்லா அடிமீனுக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் 'பவானியா' என்ற மீன் இருக்கிறது. தட்டையான உடம்பு, இரு பக்கமும் விசிறி போல் விரிந்த துடுப்புகள். பாய்ந்து வரும் வெள்ளத்தில் அது பாறையோடு பாறையாக ஒட்டிக் கொண்டு நிற்கும். இத்தகைய மலையோடை மீன்களின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி சுந்தர்லால் ஹோரா. காட்டாற்று உயிர்களைப் பற்றிய அவருடைய பெரிய ஆராய்ச்சியை 1930-ல் லண்டன் ராயல் சொஸைட்டி வெளியிட்டது. நுரைத்து ஓடும் குளிர்ந்த நீரில் பிராணவாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே காற்றை விழுங்கும் அவசியம் இந்த மீன்களுக்கு ஏற்படவில்லை. அவற்றைப் பிடித்து வந்து அசையாத தொட்டியில் விடுவது, மலைவாசியை மூடிய கிடங்கில் அடைப்பதற்கு ஒப்பாகும். நம்மைக் கேட்டால், அவற்றை ஓடையிலேயே விட்டு விடுவது புண்ணியம் என்போம்.

அயிரைக்கு வித்தை தெரியுமே, பிறகு ஏன் கவலை என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதிலாக, எங்கள் பள்ளிக்கூடத்தில் 2023-ம் வருஷம் நடந்ததைச் சொல்லுகிறோம்.

பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு மீன் தொட்டியை உபயமாக அளித்தார். தொட்டி நிறையச் செடிகள். மேலே கப்பி மீன்களும் கோடு போட்ட சீப்ரா மீன்களும். சில நாளைக்குப் பிறகு, வைகைக் கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பையன், தூக்கு வாளியில் பத்துப் பன்னிரண்டு அயிரைகளைக் கொண்டு வந்து விட்டான். மார்ச் மாதம் வெயில் ஏறியதும், அயிரைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. மேலே உள்ள மீன்களோ சௌக்கியமாகத் திரிந்தன. இரைதான் கெடுதல் என்றான் ஒரு பையன். குழாய்த் தண்ணீரில் கலந்த குளோரின்தான் என்றான் மற்றொருவன். கடைக்காரர் ஒரு புட்டி நீல மருந்து கொடுத்தனுப்பினார். நான்காவது அயிரையும் செத்து மிதந்த அன்று, தலைமையாசிரியர் நம்மைக் கூப்பிட்டு, "பிள்ளைகள் கண் எதிரே ஜீவன்கள் சாவதைப் பார்த்துக் கொண்டிருக்க எனக்கு மனசில்லை. இந்த வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால், தொட்டியை யாருக்காவது கொடுத்து விடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன், அயிரை கொண்டு வந்த அந்தப் பையனே. கடைசிப் பெஞ்சியில் அமர்கிறவன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். வாய் திறக்க மாட்டான். அவன் ஊரிலிருந்து காலையில் ஒரே ஒரு பஸ்தான். அதனால் ஏழரை மணிக்கே பள்ளிக்கு வந்து, வராந்தாவில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவன் வழக்கம்.

"ஸார், காலையிலேதான் அயிரை மேலே மேலே ஓடி வருது. மத்தியானம் பார்த்தா வர்றதே இல்லை" என்றான், தலையைக் குனிந்து கொண்டு.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் மட்டும் என்றால், இரவில் நடக்கும் ஏதோ ஒன்றுதானே காரணமாக இருக்க முடியும்? விசாரித்தோம். காவற்காரப் பெரியவர் மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளியைப் பூட்டும் போது, விதிப்படி மின்சார மெயின் சுவிட்சை அணைத்து விடுகிறார். மறுநாள் காலை எட்டரைக்குத்தான் போடுகிறார். நெருப்பு அபாயத்துக்காக ஏற்பட்ட விதி, அவர்மேல் குற்றமில்லை. ஆனால், அந்த 15 மணி நேரமும் தொட்டியின் காற்று மோட்டார் ஓடவில்லை. அது மட்டுமா? பகலெல்லாம் பிராணவாயுவைக் கொடுத்த செடிகளே, இருட்டியதும் மீன்களோடு போட்டியிட்டு அதை வாங்கிக் கொள்கின்றன. விடியற்காலையில் தொட்டியின் கஜானா காலி! மேலே உள்ள கப்பிகள் காற்றைத் தொட்டு நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வாயை வைத்து ஒருவாறு சமாளித்தன. அழுக்கும் விஷவாயுவும் சூழ்ந்த அடியிலிருந்து அயிரைகள் இரவெல்லாம் மேலும் கீழும் ஓடிக் களைத்தன. குடலால் மூச்சு விடுவது ஆபத்துக் காலத்துக்கு ஏற்பட்ட கைமாற்றுக் கடன். தினந்தோறும் கடன் வாங்கிக் குடித்தனம் நடக்குமா?

அன்றே வேலை தொடங்கினோம். மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தோம். செடிகளில் பாதியைக் களைந்தோம். பாட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டாரை வாங்கி மாட்டினோம். அது வந்து சேரும் வரை இரண்டு நாள், ஏழரை மணிப் பையன் டம்ளரும் கையுமாய் நின்று தண்ணீரை ஆற்றினான். அத்துடன் அவனிடம் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்து, ஓர் அயிரையின் செவுள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை அசைகிறது என்று காலையிலும் மத்தியானத்திலும் எண்ணி எழுதச் சொன்னோம். தொடக்கத்தில் காலைக் கணக்கு, மத்தியானக் கணக்கைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டும் நெருங்கி வந்தன. எஞ்சிய அயிரைகளில் ஒன்றும் சாகவில்லை. தலைமையாசிரியர் அந்த நோட்டை முழுவதும் படித்துப் பார்த்து விட்டு, தொட்டிக்கென்று தனிக் கம்பி இழுத்துக் கொள்ள உத்தரவு கொடுத்தார்.

வீட்டில் தொட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இனிச் சில யோசனைகள் சொல்லுகிறோம்.

உயரமான தொட்டியைவிட அகன்ற தொட்டி மேல். மேற்பரப்புத்தான் மீனுக்கு ஜன்னல். உருண்டைக் கண்ணாடி ஜாடியைக் கழுத்து வரை நிரப்பினால் ஜன்னல் சிறுத்து விடுகிறது. அகலம் மிகுந்த நடுப்பகுதியோடு நிறுத்த வேண்டும். ஆனால், அயிரைக்கு அத்தகைய ஜாடியே வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

காற்றுக் குழாயின் நுனிக் கல்லை அடித்தளத்துக்கு அருகில் வைக்க வேண்டும். பாதி உயரத்தில் தொங்க விட்டால், மேல் பாதித் தண்ணீர்தான் சுற்றி வரும். மேற்பரப்பில் எண்ணெய்ப் பாடை படிந்திருந்தால் காகிதத்தைப் படர விட்டு எடுத்து விடலாம்.

அடியில் கூர்மையான ஜல்லியைக் கொட்டாமல் நுண்மணலை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். ஜல்லி, அயிரையின் மீசையை அறுத்து விடும். இடுக்குகளில் அழுக்கையும் சேர்க்கும். வாரம் ஒரு முறை அடி அழுக்கைக் குழாயால் உறிஞ்சி, நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். புதுத் தண்ணீரில் குளோரின் இல்லாமல் பார்த்துக் கொள்வது அவசியம். இரை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீருகிற அளவுக்கு மேல் போடக் கூடாது. மீன் பட்டினியால் சாவது அபூர்வம். எஜமானரின் தாராள மனத்தால் சாவதுதான் சகஜம்.

கோடையில் தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கலாகாது. மூடியைத் திறந்து, மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்தால் உஷ்ணம் சில டிகிரி தணியும். தாவிக் குதிக்கும் மீன் இருந்தால் மூடிக்குப் பதில் வலையைப் போடலாம். பனிக்கட்டியைக் கொட்டுவது விபரீதம். திடீர் மாறுதலை மீன் தாங்காது. மின்சாரம் நின்றால் பயப்பட வேண்டாம். இரை போடுவதை நிறுத்தி விட்டு, டம்ளரால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டே இருந்தால், ஆபத்து நீங்கும். குழந்தைகள் இந்த வேலையைக் குதூகலமாகச் செய்வார்கள்.

பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அளக்கும் கருவி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. விடியற்காலையில் விளக்கைப் போட்டதும் தொட்டியின் அடியைப் பாருங்கள். அடிமீன்கள் மணலில் நிம்மதியாக மேய்ந்து கொண்டிருந்தால் தொட்டி முழுவதும் க்ஷேமம். எப்பொழுதாவது ஒன்று மேலே வந்து போனால் அதுவும் இயல்பே. ஒன்று மாற்றி ஒன்றாக ஓடி வந்தாலோ, செவுள்கள் படபடவென்று அடித்துக் கொண்டாலோ, அன்றைய காப்பியைச் சற்றுத் தள்ளி வைத்து விட்டுத் தொட்டியைக் கவனிக்க வேண்டும்.

மாலையில், விளக்கொளியில், விருந்தாளிகளோடு பார்க்கும் போது எல்லாத் தொட்டியும் அழகாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மேல் மீன்களை மட்டும் பார்த்து, "எல்லாம் சௌக்கியம்" என்று முடிவு செய்பவர்களுக்கு அடியில் நடப்பது தெரியாது. இருபது வருஷமாக வகுப்பின் முன்னால் நின்று பேசும் தொழிலில் இருக்கிறோம். முன் பெஞ்சிகளிலிருந்து எழும் பதில்களைக் கேட்டு வகுப்பு முழுவதற்கும் பாடம் புரிந்து விட்டதென்று திருப்தி கொள்ளும் சபலம் இந்தத் தொழிலில் யாருக்கும் உண்டு. இப்பொழுதெல்லாம் பாடம் முடிந்ததும் நமது முதற் கேள்வி கடைசிப் பெஞ்சிக்குத்தான் போகிறது.

அந்தப் பையன் மேல் வகுப்புக்குப் போய் விட்டான். நோட்டுப் புஸ்தகம் இப்பொழுது வேறொரு பையனிடம் இருக்கிறது. அவனும் ஏழரை மணிப் பஸ்ஸில் வருகிறவன்தான்.